கன்னடம் பேசாத வாய்

ஜூன் 7, 1968. வெள்ளி. தூறல்.

இன்று இருந்தவர்கள்: நான், பேத்தி சரோஜா, வீட்டுக்காரி கெம்பம்மா, அவள் மாமியார், பெட்டி தூக்கி வந்த மாதப்பன். தேன்கனிக்கோட்டை வரை பஸ், பிறகு நடை. ஒரே அறை. ஜன்னல் மாட்டுக் கொட்டகைப் பக்கம்.

சரோஜாவுக்கு இங்கே தமிழ் டீச்சர் வேலை. திங்கட்கிழமை முதல் வகுப்பு. பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்று என் மகன் என்னைக் காவலுக்கு அனுப்பிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. பொழுது சாய்ந்தால் யானை பயம், கெம்பம்மா வெளிக்கதவுக்குத் தாழ் போட்டுவிடுகிறாள். ஊர் முழுக்கக் கன்னடம். எனக்குத் தெரியும். பேசமாட்டேன்.

"ஏன் டீச்சரம்மா, உங்க ஆயாவுக்கு வாய் இல்லியா?" கெம்பம்மா கேட்டாள்.

"இருக்குது. வாடகைக்கு விடறதில்ல" என்றேன், தமிழில்.

ஜூன் 8. சனி. மழை.

சீமெண்ணெய் தீர்ந்தது.

சரோஜா பள்ளிக்கூடத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். அட்டையில் புளியமரம், கத்தரிக்காய், மாடு வரைந்தாள். மாடு பன்றி மாதிரி. என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்த்தாள். "வணக்கம் குழந்தைகளே." ரேடியோ பேசுவது போல.

போன வருடம் வந்த வாத்தியார் முதல் நாளே தமிழில் அதட்டினாராம். ஓடின பிள்ளைகள் திரும்பவில்லை. அவரும் போய்விட்டார். இவளுக்கும் அப்படி ஆனால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டாம் தாரமாகக் கேட்ட சூளகிரிக்காரன் காத்திருக்கிறான். என் மகன் தலையாட்டி வைத்திருக்கிறான்.

"ஆயா, நாலு வார்த்த கன்னடம் சொல்லிக் குடேன்."

"தெரியாது."

பொய் என்று அவளுக்கும் தெரியும்.

ஜூன் 9. ஞாயிறு. மூட்டம்.

முதுகு வலி. களி வேகவில்லை.

சரோஜா கெம்பம்மாவிடம் கேட்டு ஏதோ கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். மாமியார்க்காரி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். சரோஜா அட்டைகளைச் சுருட்டிவிட்டாள்.

"நான் போவல ஆயா. புள்ளைங்களும் இப்படித்தான் சிரிக்கும்."

நான் வாக்கப்பட்டது கன்னட வீடு. மூத்த குழந்தைக்கு இழுப்பு வந்த அன்று அரைகுறைக் கன்னடத்தில் கத்தினேன். நாத்தனார் ருத்ரம்மா, பச்சை ரவிக்கை, கையில் வெல்லம். என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் வண்டி கட்டினார்கள். வைத்தியர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே என் மடியில் போய்விட்டான். அன்றோடு விட்டேன் அந்தப் பேச்சை. பிறகு பிறந்த மகனைத் தமிழிலேயே வளர்த்தேன்.

விளக்கு வைக்கும் நேரம். கதவுக்குத் தாழ் விழுந்தது. வாய் திறந்தேன். "பன்னி" என்றால் வாங்க. "கூத்கொள்ளி", உட்காருங்க. "யாரூ நகல்ல", யாரும் சிரிக்கமாட்டாங்க. "இத மொதல்ல சொல்லு" என்றேன். வாயெல்லாம் கசப்பு.

ஜூன் 10. திங்கள். வெயில்.

மதியம் வரை ஜன்னலோரம். மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டை.

சரோஜா ஓடி வந்தாள். பிள்ளைகள் ஒன்றுகூட எழுந்து போகவில்லையாம். மாட்டு அட்டையைக் காட்டினால் ஒரு பெண் பன்றி என்றாளாம். டீச்சர்தான் முதலில் சிரித்தாளாம்.

"நாளைக்கும் வரோம்னு சொன்னாங்க ஆயா!"

அப்படியானால் இனி நானும் இங்கேதான். இதே ஜன்னல், இதே தாழ். போகட்டும். பொக்கை வாய்க்காரியைப் பொறுத்துக்கொள்வேன். என் மகனைக்கூட மன்னிக்கலாம். செத்துப்போனாலும் விடமாட்டேன், ருத்ரம்மாவை.