தூளிக் கயிற்றில் ஒரு காய்ந்த இலை

இன்று காலை தூளிக் கயிற்றில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனேன். இலைக்குக் கால் இருந்தது. உடனே உன் ஞாபகம்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்று குழந்தையின் கன்னமும் கையும் சிவந்து தடித்திருந்தன, விடிந்ததிலிருந்து அழுகை. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி துடைப்பத்தோடு வந்தார்.

"அதோட செறகுப் பொடி பட்டதாக்கும் மோளே. அடிச்சுக் கொல்லு."

விலங்கியல் படித்தவள்தான் நான். பதற்றத்தில் துடைப்பத்தை வாங்கியும்விட்டேன்.

கல்லூரியில் பூச்சிப் பெட்டி நிரப்ப நாம் அதிரப்பள்ளிக் காட்டுக்குப் போனோமே, அங்கே மரப்பட்டையில் இதே மாதிரி ஒன்றை நான் பார்க்காமல் தாண்டிப் போனேன். நீ நின்றாய். பழுப்பு அந்துப்பூச்சி என்று சீட்டும் எழுதிவிட்டாய். பிறகு சும்மா ஒருமுறை ஊதினாய். முன்சிறகு விலகியது, உள்ளே பளீரென்று ஆரஞ்சு, அதில் கறுப்பு வளைவு. எழுதின சீட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே, உன் பாலக்காட்டுத் தமிழில் சொன்னாய்:

"தொறந்து பாக்காம பேர் எழுதப்படாதுடீ."

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஊதினேன். அதே ஆரஞ்சு, அதே வளைவு. பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் ஜாதி. தோட்டக்காரர்களுக்குத்தான் பகை, குழந்தையை ஒன்றும் செய்யாது. சேச்சி குனிந்து பார்த்து, "உள்ளே பட்டுப் பாவாடையல்லே" என்றார்.

அப்படியானால் தடிப்பு எதனால்? தூளிக்குள் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தேன். தன் அப்பாவின் வாசனை இருந்தால் குழந்தை தூங்குவாள் என்று, அவர் கழற்றிப் போடும் சட்டையைத் தினமும் மடித்து உள்ளே வைப்பது வழக்கம். மட்டாஞ்சேரியில் சரக்குக் கிட்டங்கியில் வேலை, அவருக்கு எப்போதும் அரிசி மூட்டைகள்தான். நேற்று வற்றல் மிளகாய் வந்திருக்கிறது. மடிப்பைப் பிரித்து உதறியதும் நானும் சேச்சியும் மாறி மாறித் தும்மினோம். குழந்தையைக் குளிப்பாட்டி, தேங்காயெண்ணெய் தடவி, வேறு துணியில் கிடத்தினேன். மத்தியானத்துக்குள் சிவப்பு அடங்கிவிட்டது.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனபோது நான் நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று என்னை அனுப்பவில்லை. இவளை நீயும் பார்க்கவில்லை. இவள் தும்மினாலும் எனக்குப் பயம், அதிக நேரம் தூங்கினாலும் பயம். அது போகாது போலிருக்கிறது. ஆனாலும் பயத்துக்கு ஒரு பேர் வைப்பதற்கு முன்னால் இனி ஒருமுறை ஊதிப் பார்ப்பேன்.

அந்துப்பூச்சி இன்னும் கயிற்றில்தான் இருக்கிறது. குழந்தை எழுந்ததும் அவளுக்கு ஊதிக் காட்ட வேண்டும்.