லீடர் கையில் ஸ்கேல்

காரமடை

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். என் நெற்றியில் தையல் போட்டதை அப்பா போனில் உளறிவிட்டாராம், பயப்படாதே, பெஞ்சு முனைதான் பட்டது, கண் தப்பியது.

எங்கள் பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் வெங்கடபதி இருக்கிறாரே, குழுவாக உட்கார்ந்து பேசாமல் மொழியே வராது என்று ஸ்டாஃப் ரூமில் நாள் பூரா சொல்வார். வகுப்பிலோ குழுவுக்கு ஒரு லீடரைப் போட்டு, கையில் மரஸ்கேலைக் கொடுத்து, சத்தம் போடுகிறவன் விரல் முட்டியில் அடி என்பார். கலந்து பேசுங்கள் என்று போர்டில் எழுதிவிட்டுப் பேசினால் அடி, எந்த ஊர் நியாயம் இது. சத்தமே வராத குழுதான் நல்ல குழு என்று அந்த மனுஷர் மனதார நம்புகிறார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். போன வாரம் எட்டாம் வகுப்பில் தமிழ்ச்செல்வன் என்ற பையன் பக்கத்துப் பையனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறான், லீடர் யஷ்வந்த் விரலில் அடித்தும் நிறுத்தவில்லை என்று வாயிலேயே அடிக்க, உதடு கிழிந்துவிட்டது. தமிழ்ச்செல்வன் காம்பஸை எடுத்து யஷ்வந்த் உள்ளங்கையில் குத்திப்போட்டான். பெஞ்சுகள் சாய, ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ள, அடுத்த வகுப்பில் இருந்த நான் ஓடிப்போய் நடுவில் விழுந்தேன், என் ரத்தமும் சேர்ந்தது.

ஹெட்மாஸ்டர் காம்பஸை மட்டும் பார்த்தார், தமிழ்ச்செல்வனுக்கு டி.சி. என்றார். வந்த ஆத்திரத்தில், "அவனுக்கு டி.சி. எழுதுனீங்கன்னா, ஸ்கேலைக் கையில குடுத்தவருக்கும் எழுதிப்போடுங்க சார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்படியானால் அந்த வகுப்பை நீங்களே ஒரு வாரம் நடத்திக் காட்டுங்கள், இன்னொரு கை ஓங்கினால் டி.சி.தான் என்றார். திங்கட்கிழமை லீடரும் இல்லை, ஸ்கேலும் இல்லை என்று சொல்லி இரண்டு பேரையும் ஒரே குழுவில் உட்கார வைத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தமிழ்ச்செல்வனுக்கு ஏதோ சொல்லத் தோன்றியது, வாயைத் திறக்கும் முன்பே இரண்டு கையையும் டெஸ்க் மேல் நீட்டி வைத்துக்கொண்டான் கண்ணு, அடியை வாங்கிக்கொண்டு பேசலாம் என்று. யஷ்வந்த் கட்டுப் போட்ட கையை டெஸ்க்குக் கீழே மறைத்துக்கொண்டான். நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டி.சி. இன்னும் ஹெட்மாஸ்டர் மேசையில்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மறக்காமல் ஒன்று மட்டும் எழுது. நீ அங்கே எடுக்கிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் போட்டோ அனுப்பியிருந்தாயே, பிள்ளைகள் எல்லாம் வட்டமாக வாயை மூடி உட்கார்ந்திருக்க, ஒரு பொண்ணு மட்டும் ஸ்கேலோடு நிற்கிறாள். அது கோடு போடத்தானே அம்மணி?

உன் அம்மா,
நாச்சியம்மாள்