அசனத்தில் விரிக்காத பந்திப்பாய்

அன்புள்ள ஆசீர் அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல தங்கை ஜெபக்கனி எழுதுவது. கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம் என்று எழுதப் போனேன், இருக்கிறோம் என்று மட்டும் போடு என்றாள் அம்மா. ஆபரேஷன் ஆன கண் அவளுக்கு இன்னும் கூசுகிறது, அதனால் பத்தாவதோடு நின்ற என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டுமாம், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்ட வேண்டுமாம்.

சபை என்பது ஒரே குடும்பம் என்று இறையியல் கல்லூரியில் கட்டுரை எழுதப் போவதாகவும், நம் சர்ச் அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தாய். இந்த வருஷம் பந்தி இல்லை அண்ணா. வளையமாதேவியில் சுரங்கத்துக்கு நிலம் போனபின் பக்கத்து ஊர் வடக்குத்தில் வாடகைக்கு வந்தார்களே வீராயி அக்கா குடும்பம், அவர்களைப் போல கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள் இன்னும் சிலர் சபையில் சேர்ந்திருக்கிறார்கள். இடம் பத்தாது, பார்சல் கொடுத்தால் எல்லாருக்கும் வசதி என்று கமிட்டியில் இருக்கும், சுரங்கத்தில் நிரந்தர வேலை பார்க்கும் குவார்ட்டர்ஸ்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கமிட்டியில் இருக்கும் அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார். அசனத்தன்று பார்த்தால் வளாகம் பாதி காலியாகத்தான் கிடந்தது. வீராயி அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "நெலத்த எடுக்க வந்தவங்ககூட நாற்காலி போட்டு உக்கார வச்சிப் பேசுனாங்கண்ணே, நீங்க நிக்க வச்சே அனுப்புறீங்க" என்று பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து அப்பா ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சேர்ந்து சாப்பிடலாம் என்று எங்கள் பொட்டலங்களோடு இரண்டு பேரும் வடக்குத்துக்குப் போனோம். வீராயி அக்கா பாய் விரித்தாள், இலை போட்டாள், தன் வீட்டுச் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் பரிமாறினாள். அவர்கள் வாங்கி வந்த பொட்டலங்களை வாசலில் ஆடு தின்றுகொண்டிருந்தது. நீயும் உட்கார் என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். "எங்க வூட்டுக்கு வந்துட்டு நீங்க நிக்கக் கூடாதுங்க, நான் நிக்கறேன்" என்று கடைசி வரை நின்றாள்.  எனக்குப் பேச வாய் வராது என்று உனக்குத் தெரியும், அன்று தண்ணீர் கேட்கக்கூட வரவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு வருவாயா என்று அம்மா கேட்டதற்கு, "பாப்போங்க" என்றாள். வரவில்லை. புதிதாய்ச் சேர்ந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இப்போது கமிட்டியில், இடம் தாராளமாக இருக்கிறது, அடுத்த வருஷம் பந்தி போட்டுவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

கட்டுரையில் நம் சபையைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள் அம்மா. எழுது அண்ணா, இதையும் சேர்த்து எழுது. இந்த வரி அம்மா சொன்னதில்லை. லீவுக்கு வரும்போது வடக்குத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் வீராயி அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமாம். இலை போட்டால், அவள் உட்காரும் வரை நீ கை வைக்கக் கூடாதாம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும் என்று அம்மா உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
அம்மா நவமணிக்காக,
ஜெபக்கனி