களைத்த நடைக்கு ஒரு கியர்

மூன்று நாளாக ஸ்பூனால் சாப்பிடுகிறேன். நீ இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பாய். உன் ஜீப்பின் இரண்டு அச்சையும் திறந்து பழைய ஆயிலை வடித்தேன். அந்த நாற்றம் உனக்குத் தெரியும். எத்தனை சோப்பு போட்டாலும் விரலை விட்டுப் போகாது. இந்தக் கையோடு சோற்றைப் பிசைய என் வீட்டில் அனுமதி இல்லை. பட்டறையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து கையை முகர்ந்துகொண்டிருக்கிறேன். உன் நினைவு எனக்கு இந்த வாடையில்தான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் மகள் போன வாரம் வந்தாள். வேங்கிக்காலில் வேலைக்குப் போகிறாள், வாரம் ஒரு தடவை வேலூரும் போக வேண்டும். "மாமா, அப்பா வண்டியை நானே வெச்சிக்கிறேன். ஆனா அறுபதைத் தாண்டினா இன்ஜின் கத்துது. உள்ள இருக்கிற கியரை மாத்திக் குடுங்க" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்குக் கோபம். அவள் மேல் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. பல்சக்கரம் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தப் பல்சக்கரத்துக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? ஜவ்வாது மலைக்குப் போய் சாமையும் புளியும் வாங்கி வருகிற வியாபாரம் உனக்கு. கற்பாதையில் வண்டியின் அடிவயிறு இடிக்கிறது என்று டயரைப் பெரிதாக்கினாய். டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும், இன்ஜினுக்கு அந்த அளவு சுமை கூடும். ஈடுகட்ட அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும் என்று அன்றே சொன்னேன். கம்பெனி வைத்தது சின்னதில் பதினொரு பல், பெரியதில் நாற்பத்தேழு. எட்டுக்கு நாற்பத்துமூன்று போட்டால் இழுவை கூடும், வேகம் குறையும், மலையை வண்டி முனகாமல் ஏறும் என்றேன்.

"இழுவை ஜாஸ்தி, வேகம் கம்மி. ஊர் வந்து சேர்றதுக்குள்ள புளி கறுத்துப் பூடும்" என்றாய். இரண்டு கிளட்ச் பிளேட்டை எரித்தாய். மூன்றாவதை மாட்டும்போது நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் சளைக்காமல், சூடான பஜ்ஜியை வண்டிக்கு அடியிலேயே கொண்டுவந்து என் வாயில் திணித்தாய்.

பிறகு சர்க்கரை வந்தது. செருப்புக் கடி என்று நீ அலட்சியம் செய்த புண், இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாமலையைக் கிரிவலமாகச் சுற்றி நடப்பது நம் இருபது வருஷ வழக்கம். பௌர்ணமிக் கூட்டம் நமக்கு ஆகாது. உனக்குக் கால் போன பிறகு நானும் போகவில்லை. ஒருநாள் உன் வீட்டுக்கு வந்து, "ஜீப்பில் உட்கார், நான் ஓட்டிக்கொண்டு போகிறேன்" என்று அழைத்தேன். உன் முகம் கறுத்துவிட்டது.

"என்னை மூட்டை மாதிரி ஏத்திக்கினு போவாதே. நான் ஓட்டணும். நீ பக்கத்துல நடக்கணும். முடியும்னா சொல்லு, இல்லன்னா இப்படியே கெடக்குறேன்."

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக வாசற்படி தாண்டவில்லை, சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுகிறாய் என்று நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி என்னிடம் அழுதிருந்தாள். நாலு நாள் விட்டால் உன்னை இழந்துவிடுவோம் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கிளட்சுக்கு இடது கால் வேண்டும். அதற்கு வழி சொன்னவனும் நீதான். மலைச் சரிவில் வண்டி அணைந்துவிட்டால் நாம் செய்வோமே, அதே வித்தை. லோ கியரில் போட்டபடியே சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்தி இன்ஜினையும் எழுப்பிவிடும். நிறுத்துவதற்கு வலது காலால் பிரேக். இன்ஜின் அணைந்துபோகும், மறுபடி சாவி. பழைய பல்லோடு முயன்று பார்த்தோம். பெரிய டயரை உருட்ட முடியாமல் மோட்டார் முக்கியது, பேட்டரி படுத்துவிட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தாய்.

"எட்டுக்கு நாப்பத்திமூணு போடுடா."

நான் விடுவேனா? "ரெண்டு வருஷம் முன்னாடி நான் சொன்னப்போ காதை இன்னா வாடகைக்கு உட்டிருந்தியா?" என்று கேட்டேன்.

கேட்டேனே தவிர, பிறகு பின்வாங்கியவன் நான்தான். தார் ரோட்டில் போகிற வண்டிக்கு ஒன்பதுக்கு நாற்பத்தொன்று போதும், ஸ்டார்ட்டர் இழுத்துவிடும் என்று தோன்றியது. என் நடைக்கு அது சரிவருமா என்று பார்க்க, செங்கம் ரோட்டில் நூறு மீட்டர் நடந்து காட்டினேன். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். கிழவன் என்று கேலி செய்வாயே என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். கணக்கு அழகாக வந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"காலைல ஜோரா நடக்குற நடை இல்லடா கணக்கு. பாதிக்கு மேல, அடி அண்ணாமலை தாண்டி முட்டியைப் புடிச்சிக்கினு நடப்பியே, அந்த நடைதான் கணக்கு. அதுக்கும் கீழ வண்டி எறங்கணும், அணையக் கூடாது. உன்னை வுட்டுட்டு நான் முன்னாடி போவ மாட்டேன்."

காலை இழந்து உட்கார்ந்திருந்தவன் என் முட்டியை அளந்து வைத்திருக்கிறாய். எட்டுக்கு நாற்பத்துமூன்றே போடுவது என்று முடிவானது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன்.

முன் அச்சுக்கும் அதே பல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். மலைச்சுற்றுப் பாதைக்குப் பின் சக்கரம் இழுத்தால் போதும், முன் சக்கரங்களை விடுவித்து வைக்கலாம், எதற்கு வீண் வேலை என்றேன். "ரெண்டும் ஒண்ணா இல்லன்னா மேடு ஏற முடியுமா? திரும்ப ஜவ்வாது மலைக்குப் போவேன்" என்றாய். போட்டுக் கொடுத்தேன்.

அந்த முதல் செவ்வாயை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சாவியைத் திருப்பினாய். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கியே தீர்த்தார். அடி அண்ணாமலையில் டீக்கடை அம்மா எட்டிப் பார்த்து, "வண்டி ரிப்பேரா அண்ணா? தள்ளிக்கினா வரீங்க?" என்று கேட்டாள்.

"வண்டி நல்லாத்தான் கீது. இவன்தான் ரிப்பேர்" என்றாய்.

அது உண்மையாகிவிட்டது. அதைத் தாண்டி அரை மணியில் என் முட்டி பிடித்துக்கொண்டது. நீ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய். வண்டி என் நடைக்கு இறங்கி, அணையாமல் கூடவே வந்தது. அன்று வீட்டுக்குப் போய் மூன்று தோசை சாப்பிட்டாயாம். தங்கச்சி போனில் சொன்னாள்.

ஒன்றரை வருஷம் அப்படிச் சுற்றினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இந்த வாரம் பின் அச்சைத் திறந்தபோது பற்கள் உழைத்து மினுங்கிக்கொண்டிருந்தன. முன் அச்சைத் திறந்தேன். நான் மாட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு பல்லிலும் சுமை ஏறிய தடம் இல்லை. நீ ஜவ்வாது மலைக்குத் திரும்பிப் போகவே இல்லை. அந்த வண்டி என் நடைக்கு மட்டுமே ஓடியிருக்கிறது, இனி உன் மகளின் வேகத்துக்கு ஓடட்டும் என்று பட்டது. அப்புறம் பொய் சொல்லும் எண்ணம் போய்விட்டது. போன வாரமே உன் மகளை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எங்கே கியர் மாற்றுகிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்று பார்த்திருந்தேன். பெரிய டயருக்கும் வேகத்துக்கும் பொதுவாக அவளுக்கு ஒன்பதுக்கு நாற்பத்தொன்று. முன்னுக்கும் பின்னுக்கும் அதே.

இன்று சாயங்காலம் வந்து சாவியை வாங்கினாள். "இனிமே அறுபதைத் தாண்டினா அவ்வளவா கத்தாது இல்ல மாமா?" என்று சிரித்தபடி வண்டியை ரோட்டில் இறக்கினாள். நான் பழக்க தோஷத்தில், காலி சீட்டின் ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க ஆரம்பித்தேன். பத்தடி வருவதற்குள் கம்பி கையை விட்டுப் போய்விட்டது. அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள், அவள் போக வேண்டிய வேகத்தில். நான் ரோட்டோரத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

வருகிற செவ்வாய் தனியாக நடக்கப் போகிறேன். பாதிக்கு மேல் மெதுவாகத்தான் வரும். முன்பெல்லாம் யாராவது என்னைத் தாண்டிப் போனால் வெட்கமாக இருக்கும், வயிற்றை இழுத்துக்கொள்வேன். இனி மாட்டேன். இந்த நடைக்காக ஒருவன் தன் வண்டியையே மாற்றினான்.