என் புறங்கையும் உன் தங்கையின் ஊசியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், என் வலது கையைத் தவிர. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். வேறு கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, கை ஒடியவில்லை, வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் நீ பாதியிலேயே குறுக்கே விழுந்து சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது இல்லையா. அப்பா டிப்போவில் உன் ஊர்ப் பக்கம் பஸ் ஓட்டுகிற டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார், நாளைக்கே கைக்கு வந்துவிடும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு இவள் மறுபடியும் விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். வருகிற புதன்கிழமை செய்முறைத் தேர்வு. வார்டில் உண்மையான நோயாளிக்கு, அதிகாரிகள் சுற்றி நின்று பார்க்க, ட்ரிப்ஸ் ஏற்றுகிற ஊசியைப் புறங்கை நரம்பில் போட்டுக் காட்ட வேண்டும். நீயோ உன் கம்பெனியில் பில் போடுகிற கவுன்ட்டர் வேலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறாய், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறாய். போன வருஷம் மாதிரி ஓடி வந்துட்டா என்னம்மா பண்றது, அடுத்த வருஷம் வயசும் தாண்டிடும், ரெண்டும் இல்லாம வீட்லதான் உக்காரணும் என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வருஷத்துக் கதையை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்றிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெயின்டர், இவள் ஊசியோடு கிட்டே போனதும் கையை இழுத்துக்கொண்டு, யாரும்மா நீ, வேற ஆளே இல்லையா என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டார். இவள் ஊசித் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டில் துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், கூடப் படித்தவள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. வாயே திறக்காத இவளை அப்பா கேலியாக ரேடியோ என்று சும்மாவா கூப்பிடுகிறார்.

இந்தத் தடவை பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே என்று என் கையைக் கொடுத்தேன். கூடப் படித்தவளிடமிருந்து புது ஊசிகள் வாங்கி வந்திருந்தாள், ஒருமுறை போட்டதை மறுபடி தொடுவதில்லை. சமையலறை ஜன்னலோரம் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, ரப்பர் பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நரம்பைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கை துளிகூட நடுங்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. புருவத்தை நெரித்துக்கொண்டு ஊசியும் கையுமாக என்மேல் குனிந்தாள் பார், பெற்ற எனக்கே குலை நடுங்கிவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்துவிட்டேன். ஊசி நரம்பைக் கிழித்துக்கொண்டு போய்ப் புறங்கை பொசுபொசுவென்று உப்பிவிட்டது. இப்போது வலி தேவலை, நீலம்தான் போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பெயின்டரும் என்னைப் போலத்தான் மிரண்டிருப்பார். ஏதாவது பேசேன்டி, குத்தப் போறேன்னாவது சொல்லேன் என்றேன். என்னம்மா பேசறது என்று அழுதுவிட்டாள்.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, சின்ன வயதில் உனக்குத் தடுப்பூசி போட்டபோது அவரைத்தான் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அந்த மனுஷன் நேற்று டியூட்டி முடிந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். பட்டையைக் கட்டியதுமே வியர்த்துக் கொட்டியது. ரேடியோ, சீக்கிரம் போடு, இல்லேன்னா எழுந்து ஓடிடுவேன் என்றார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, அப்பா, உங்க ரூட்ல இருக்கற ஸ்டாப்பெல்லாம் வரிசையா சொல்லுங்க, எனக்கு எப்பவும் மறந்துபோகுது என்றாள். டிப்போ, தண்ணித் தொட்டி, மில் கேட் என்று ஆரம்பித்தார். அடுத்து ஸ்கூல்தானே என்றாள். ஸ்கூலா, நடுவுல இருந்த கோர்ட்டை யாரு முழுங்கினது, நீயா என்று சண்டைக்கு வந்தார். சரி, கோர்ட்லயே வண்டியை நிறுத்துங்க, இப்போ சுருக்குனு இருக்கும்ப்பா என்றாள். அவர் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊசி உள்ளே போய், ரத்தம் எட்டிப் பார்த்து, பிளாஸ்திரியும் ஒட்டியாயிற்று. போட்டாச்சா, போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், போட்டாச்சு என்று தெரிந்த பிறகுதான் மயங்கினார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பா வேறு, கட்டிலில் கிடக்கிற அந்நியர் வேறு. சுற்றிலும் அதிகாரிகள் நிற்பார்கள், நோயாளி எரிந்து விழுவார், இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணா, அந்தக் கவுன்ட்டர் வேலை எனக்கு வேண்டாம், திங்கட்கிழமையே சொல்லிவிடு, வேறு யாருக்காவது கிடைக்கட்டும்.

கடைசி வரி நான் சொன்னதல்ல. எதற்கும் ஒன்று கையில் இருக்கட்டும், அந்த வேலையை இன்னும் ஒரு வாரம் எப்படியாவது பிடித்து வை என்றுதான் நான் சொன்னேன். எழுதினதைப் படிடி என்றதும் இதைப் படிக்கிறாள். அடித்துவிட்டு ஒழுங்காக எழுது என்றேன். முடியாதும்மா என்றாள். இவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பயமா இல்லையாடி என்றேன். இருக்கு, ஆனா அந்த வேலை கையில இருந்தா நான் மறுபடியும் தட்டை வச்சிட்டு வந்துடுவேன் என்றாள். அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

புதன்கிழமை இவளுக்குப் போன் போடாதே, எனக்குப் போடு, நான்தான் பயந்து கிடப்பேன். நோய் நொடி அண்டாமல், நினைத்தது நடந்து, நீ நிறைவாக இருக்க வேண்டும். அந்தப் பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? ஊசி போடுவார்கள் என்று தள்ளிப்போடாதே, நீ அப்பா பிள்ளை. கையெழுத்தை மட்டும் இடது கையால் நானே போடுகிறேன், கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா