வேலிக்கு மேலாகக் கொடுத்த கம்பு

12 மார்ச் 1961, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, புழக்கடையில் தனியாகச் சிலம்பம் சுற்றினேன். எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு காலடி மாற்றி வீச வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாரியம்மா வேலியருகே வந்து நின்றாள்.

"யாரை அடிக்கீக டீச்சர்?"

"யாரையும் இல்ல மாரி. கை மறந்துரக் கூடாதுல்ல."

"எனக்கு ஒரு கம்பு கெடைக்குமா?"

அவள் கன்னம் வீங்கியிருந்தது. புருஷன் கைநீட்டுவது தெருவுக்கே தெரியும். ஒரு தடுப்பு மட்டும் சொல்லிக்கொடுத்து, என் கம்பையே கொடுத்தனுப்பினேன்.

படுக்கப் போனபோதுதான் உறைத்தது. அந்தக் கம்பு அவன் கையிலும் அகப்படுமே. சாத்தூர் போனவன் இன்னும் திரும்பவில்லை. கம்பு என் வீட்டிலேயே இருக்கட்டும், தினமும் இங்கே வந்து பழகு என்று அவளிடம் சொல்ல வேண்டும். இப்போதே போகிறேன்.