அட்டையில் எழுதியிருந்த முடிவு

இன்று காலை கடை திறக்க வந்தபோது கதவுப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பசை காயவில்லை. புளித்த மாவும் அச்சு மையும் கலந்த வாடை. பேசும் படமாம், பெரிய வெள்ளைக்கார நாவலை எடுத்திருக்கிறார்களாம். படத்தின் பெயர் வேறு. ஆனால் நோட்டீஸில் இருந்த மாடிப்படியும், கையில் விளக்கோடு அதில் ஏறுகிற பெண்ணும் எனக்கு மறக்குமா? ஆறு வருஷத்துக்கு முன் நீ திரைக்குப் பக்கத்தில் நின்று பிரம்பால் சுட்டிக் காட்டிய அதே கதை. இப்போது பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டாம். அவர்களே பேசிக்கொள்வார்கள்.

கோமளம் கண்ணில் படுவதற்குள் அதைக் கிழித்துப் போட்டேன். கை பூராவும் பசை. கழுவியும் வாடை போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். பதில் வராத இடத்துக்கு எழுதுவது வியாபாரி செய்கிற வேலை அல்ல என்று நீ சிரிப்பாய். சிரி.

நீ பகலில் ரயில்வே கிளார்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போய்விட்டு, மத்தியானம் சீன முதலாளி தவுக்கேயின் தகரக் கொட்டகைக்கு வருவாய். ஊமைப் படம் ஓடும். படத்துக்கு நடுநடுவே கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாக இங்கிலீஷ் வாசகம் வரும். நம் சனம் எங்கே படித்தது? நீ தகரக் குழலை வாயில் வைத்துத் தமிழில் கதை சொல்வாய். துரையும் துரைசாணியும் உன் வாயில் நம்மூர் பிரிக்பீல்ட்ஸ்காரர்களாகப் பேசுவார்கள். துரை தன் மாமியாரை, "வாங்கத்தே, காப்பி குடிங்க" என்பான். கொட்டகை அதிரும்.

கோமளத்துக்கு அப்போது பதினாறு. தாயில்லாப் பிள்ளை. கான்வென்ட்டில் மற்றப் பெண்கள் நாவல் நாவலாகப் பேச, இவள் மட்டும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு ஒரு குறை. புத்தகத்தை இவளிடம் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. படமென்றால் கொட்டகையில் நானும் பக்கத்தில் உட்காரலாம். நீயோ அந்த நாவல்களையெல்லாம் படித்தவன். ஆகவே எந்தப் படத்துக்கு அவளை அழைத்துப் போவது என்பது உன் பொறுப்பானது. சனிக்கிழமை தோறும் என் கடைக்கு வந்து வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து கதையைச் சொல்வாய். மூட்டையில் ஊசி குத்தி அரிசியைப் பார்ப்பதுபோல நான் அங்கங்கே குத்திக் குத்திக் கேட்பேன்.

"இந்த வாரம் கொஞ்சம் எடக்கு, முதலாளி."

"என்ன எடக்கு?"

"கடைசியில அந்தப் பொம்பள ஆத்துல விழுந்துடுறா."

"விழலன்னு சொல்லு."

"படத்துல தொப்புன்னு விழுறாளே!"

"கதை சொல்றவன் நீதானே? குளிக்க எறங்கினான்னு சொல்லேன்."

அப்படித்தான் சொன்னாய். பிறகு எத்தனை பெண்களைக் கரை சேர்த்தோம்! விஷம் குடித்தவள் கசாயம் குடித்தாள். வீட்டை விட்டு ஓடியவள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். உனக்கு மட்டும் உறுத்தல். "முத்தம் பாத்து யாரும் கெட்டுப் போறதில்ல முதலாளி, முடிவத் தெரியாம இருந்தாதான் கெட்டுப் போறாங்க" என்பாய். "அது உனக்குப் புள்ள இல்லாததால பேசுற பேச்சு" என்று உன் வாயை அடைப்பேன்.

அந்த வருஷம்தான் டெங்கிலிலிருந்து சம்பந்தம் வந்தது. தோட்டங்களுக்கு ஆளும் அரிசியும் அனுப்புகிற காண்ட்ராக்டர். மாடி வைத்த பலகை வீடு, சொந்த லோரி. வயது முப்பத்தைந்துக்குள். இரண்டு தாரம் போய்விட்டது, இரண்டும் காய்ச்சல். மெதுவாகப் பேசுவார், குனிந்து உட்காருவார். நான் கப்பலில் மேல்தட்டில் படுத்து வந்து, தலையில் கூடை சுமந்து மேலே வந்தவன். என் பெண் மாடி வீட்டில் இருக்கட்டுமே என்று நினைத்தேன். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

அதே வாரம் இந்தப் படம் வந்தது. பெரிய வீட்டுக்குக் கலியாணமாகி வருகிற பெண். முன்பு அங்கே இருந்தவளைப் பற்றி வாய் திறக்காத வேலைக்காரர்கள். மாடியில் எப்போதும் பூட்டிய ஓர் அறை. கடைசியில் இவளும் படியடியில் பிணமாகக் கிடப்பாள்.

"இது வேணாம் முதலாளி. சம்பந்தம் பேசியிருக்கிற நேரம்" என்றாய்.

"கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் இதத்தான் பேசுதாம். முடிவ மாத்திக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். படத்துப் பெண் படியடியில் கிடந்தாள். நீ குழலை எடுத்து, "மயக்கந்தான்! தண்ணி தெளிச்சதும் எழுந்திரிச்சிட்டா!" என்றாய். கொட்டகையே கை தட்டியது. கோமளம் தட்டவில்லை. நாம் இரண்டு பேரும் அதைக் கவனித்தோம். ஏனென்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நீ கடையில் இருக்கும்போது அவள் வந்தாள்.

"மாமா, அவ செத்துட்டாதானே?"

"யாரும்மா?"

"நேத்து படத்துல. அட்டையில அப்படித்தானே எழுதியிருந்துச்சு."

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இங்கிலீஷ் படிக்க வைத்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அவள் அந்த அட்டையைப் படிப்பாள் என்பது இரண்டு கிழட்டு மூளைகளிலும் ஒரு நாளும் ஏறவில்லை!

"அப்ப ஆத்துல குளிச்சவ?" என்று கேட்டாய்.

"முழுகிட்டா மாமா. எல்லாம் தெரியும். நீங்க சொல்றது சிரிப்பா இருக்கும்னு சும்மா இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்பா, டெங்கில்காரரோட மொதல் சம்சாரம் எப்படிச் செத்தாங்க?"

"காய்ச்சல்மா."

"ரெண்டாவது?"

"காய்ச்சல்தான்."

"யாரு பாத்தா?"

நீ மூட்டையிலிருந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டாய். புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் காஜாங் வரை ரயிலிலும், அங்கிருந்து லோரியிலும் டெங்கிலுக்குப் போனாய். நான் போகச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் மூட்டைமேல் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாய். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசரைப் பார்த்திருக்கிறாய். "அந்த வீட்டுலேர்ந்து காய்ச்சல்னு ஒரு ஆள் வந்ததில்லைங்கிறாரு. ரெண்டு தடவையும் அடக்கம் ஆன பெறகு சேதிதான் வந்துச்சாம். பொறந்த வீட்டு ஆளுங்க மொகத்தக்கூடப் பாக்கல."

"தோட்டத்து ஆளு ஆயிரம் பேசுவான்லா. வெத்தல மாத்தியாச்சு."

"வெத்தலதானே முதலாளி, வாடிப்போற சாமான்."

எனக்குக் கோபம் வந்தது. "ஞாயித்துக்கெழம அதே படம், கடைசி ஆட்டம். புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாய்.

வந்தோம். அன்று நீ யாரையும் சிரிக்க வைக்கவில்லை. பெண் படியடியில் கிடந்தாள். நீ குழலைக் கீழே வைத்தாய். வெறும் வாயாலேயே சொன்னாய்.

"எழுந்திரிக்கல. அவ எழுந்திரிக்கவே இல்ல."

"யோவ், போன வாரம் தெளிச்ச தண்ணி தீந்து போச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள்.

"போன வாரம் சொன்னது பொய். இவளுக்கு முந்தி வந்தவளும் எழுந்திரிக்கல. ரெண்டு பேரோட அப்பனுக்கும் காய்ச்சல்னுதான் சேதி போச்சு. ரெண்டு அப்பனும் நம்பினான்."

சிரிப்பு நின்றது. நீ திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். கோமளம் என் காதோரம் மெல்லச் சொன்னாள்: "காய்ச்சல்னு அட்டையில இல்லப்பா. அத மாமா சேத்துக்கிட்டாரு."

திங்கட்கிழமை காலையில் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டொரு நாளில் டெங்கில்காரரே கடைக்கு வந்தார். வெயிலுக்கு ஒதுங்கியவர்போல நின்றார். ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே, "என்ன காரணம்னு தெரிஞ்சிக்கலாமா?" என்று கேட்டார். சாதகம் பொருந்தவில்லை என்றேன். "சாதகத்த யாரு பாத்தா? கொட்டகையில கதை சொல்றவரா?" அவர் உரித்த வெங்காயத்தைத் தராசில் வைத்தார். "நல்லாச் சொல்றாராம். நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்தது போலவே மெதுவாக இறங்கிப் போனார்.

அந்த மாதமே நீ படுத்தாய். ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். தோட்டத்துக் கொசு ஆளைப் பார்த்துக் கடிப்பதில்லை. எத்தனையோ பேர் அப்படிப் போகிறார்கள். நான் டாக்டரை நம்புகிறேன். கோமளம் நம்பவில்லை, இதில் டெங்கில்காரர் கை இருக்கிறது என்பாள். கடைசியாக உன்னைப் பார்த்தபோது கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே, "புள்ளைக்கு நல்ல எடமாப் பாருங்க முதலாளி. படத்த இனிமே அவளே பாத்துக்குவா" என்றாய். உன் கை கொதித்தது.

கோமளத்தை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தேன். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். மாடி இல்லை, சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த டெங்கில் ஆள் மூன்றாவது கலியாணம் செய்தார். பெண் கிள்ளானில் ஒரு துணிக்கடைக்காரர் மகள். சேதி கேட்ட அன்றே நான் ரயிலேறிப் போய் அந்தத் தகப்பனாரைப் பார்த்தேன். டிரசர் சொன்னது, வெற்றிலைத் தட்டு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கடை ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "சினிமாக் கொட்டகையில கேட்ட கதைக்கு நான் சம்பந்தத்த முறிக்கணுமாண்ணே? உங்க பொண்ணு தவற விட்ட எடம்னு வயித்தெரிச்சலா?" எனக்கும் மகள் இருக்கிறாள், அந்தப் பேச்சு வலித்தது. என் இடத்தில் அவர் இருந்தார், அவ்வளவுதான். அவருக்கு நீ இல்லை.

அன்றிலிருந்து டெங்கில் பக்கமிருந்து தேங்காய் லோரி வரும்போதெல்லாம் கோமளம் கடைக்கு வந்துவிடுவாள். டிரைவர் மாயாண்டியிடம் ஒரே கேள்வி: "மாடி வீட்டு அக்கா நல்லா இருக்காங்களா?" அவன், "இருக்காங்க, கெணத்தடியில பாத்தேன்" என்பான். இவள் முகம் தெளியும். அந்தப் பெண்ணை இவள் பார்த்ததே கிடையாது.

நேற்று அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு வாரமா ஆளக் காணோம் தங்கச்சி. காய்ச்சல்னு பேசிக்கிறாங்க."

கோமளம் என்னைப் பார்த்தாள். நீ அன்று கொட்டகையில் பார்த்தாயே, அந்தப் பார்வை. யார் பார்த்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இல்லை. கிள்ளானுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். பெண்ணைப் பெற்றவர் வருகிறாரோ, சிரிக்கிறாரோ, எனக்குத் தெரியாது. மாயாண்டி நாளை விடியற்காலையில் லோரியை எடுக்கிறான். முன் இருக்கையில் எனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். டிரசரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன். அந்தப் பெண்ணின் முகத்தை என் கண்ணால் பார்க்காமல் இறங்க மாட்டேன். விலை பேசவும் எடை பார்க்கவும் மட்டும் தெரிந்தவனுக்கு இந்தக் கால் உன்னிடமிருந்து வந்தது.

கோமளம் எனக்கு வழிக்குச் சோறு கட்டிவிட்டாள். இரண்டு போத்தல் தண்ணீரும் வைத்துவிட்டு வாசல்வரை வந்து சொன்னாள்: "அங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்காதீங்கப்பா."